வெள்ளவத்தை வாசிகசாலையில் ஒரு டிவி ஸ்டிக்: டெபியன் நிறுவிய நிகழ்வு ஆய்வு

டிவியின் எச்டிஎம்ஐ துவாரத்தில் நேரே செருகக்கூடிய விரல் நீளக் கணினி ஒன்றில், மேசைக்கணினிக்கான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பொதுப் பாவனைக்கு விட்டதன் முழு விவரம் இது. இப்படியான ஸ்டிக்குகள் கொழும்பில் பல வீடுகளின் லாச்சிகளில் தூங்குகின்றன. அவற்றை எழுப்ப முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலையின் பாதிதான் மென்பொருள். மற்றப் பாதி மின்சாரம், காற்றோட்டம், அலைவாங்கி என்று ஸ்டிக்கைச் சுற்றியுள்ள சங்கதிகளில் கிடக்கிறது. நிறுவும் வழியைச் சொல்பவர்கள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சிறிய வாசிகசாலை ஒன்று உண்டு. ஒரு பத்திரிகை மேசை, சில புத்தக அலுமாரிகள், மாலையில் சாதாரண தர மாணவர்களுக்கு இலவச வகுப்பு. நடத்துபவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஊருக்கே அவர் ரீச்சர். யாரோ கொடுத்த 32 அங்குல டிவி ஒன்று சுவரில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுப்போன ஸ்டிக் ஒன்று அதன் பின்னால் தொங்கியது. விண்டோஸ் 8.1 உடன் வந்து, பிறகு 10 ஆக உயர்த்தப்பட்டது அது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இடம் போதாது என்ற அறிவிப்பு வரும். புதுப்பித்தல் பாதியில் நிற்கும். உலாவி திறப்பதற்குள் பிள்ளைகள் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

"தம்பி, இதை வச்சிருக்கவோ எறியவோ? ஒண்டைச் சொல்லுங்கோ" என்றார் ரீச்சர்.

"எறியாதேங்கோ ரீச்சர். முதல்ல உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாப்பம்."

புதுக் கணினி வாங்குவது பேச்சிலேயே இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு ரூபாயின் மதிப்பு விழுந்த விதத்தில், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு சாதாரண மேசைக்கணினியின் விலையைக் கேட்கவே இப்படியான இடங்கள் தயங்குகின்றன. அதே வருடம் ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏற்றப்பட்டது. நன்கொடையில் ஓடும் வாசிகசாலைக்கு மாதாந்த மின் பட்டியலும் ஒரு கவலைதான். ஒரு ஸ்டிக்கின் மின்மாற்றி முழுச் சுமையிலும் கொடுப்பது 10 வாட். அந்த ஒரு எண்ணே இந்த வேலையை எடுத்துக்கொள்ளப் போதுமான காரணமாக இருந்தது.

உள்ளே இருந்தது என்ன

ஸ்டிக்கின் மேல் பெயர் எதுவும் இல்லை. விண்டோஸின் சாதன விவரத்தில் பார்த்தபோது செயலி இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப். 2014-இல் டேப்லெட்டுகளுக்காக வந்த நான்கு கருச் செயலி. அடிப்படை வேகம் 1.33 கிகாஹேர்ட்ஸ், தேவைப்படும்போது 1.83 வரை ஏறும். 2 கிகாபைட் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. இந்தச் செயலி ஏற்கும் உச்சமும் அதுதான், ஆகவே நினைவகத்தைக் கூட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். சேமிப்பு 32 கிகாபைட் ஈஎம்எம்சி, வட்டுக்குப் பதிலாகப் பலகையிலேயே பதிந்த சேமிப்புச் சிப். வைஃபைக்கு ரியல்டெக் 8723பிஎஸ் சிப், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும். முழு அளவு யூஎஸ்பி துவாரம் ஒன்றே ஒன்று, மின்சாரத்துக்கு மைக்ரோ யூஎஸ்பி, பக்கத்தில் மைக்ரோ எஸ்டி அட்டைத் துவாரம். விசிறி இல்லை.

இதே செயலியில் அந்தக் காலத்தில் எத்தனையோ பெயர்களில் ஸ்டிக்குகள் வந்தன. 2015-இல் இன்டெல் தானே வெளியிட்ட முதல் கம்ப்யூட் ஸ்டிக்கும் இதே இசட்3735எஃப்தான். ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்தத் தலைமுறை முழுவதற்கும் பொருந்தும்.

விண்டோஸை ஏன் அப்படியே விடவில்லை என்று கேட்கலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடியும் என்று மைக்ரோசொஃப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 கேட்பது 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. முதல் இரண்டுமே இதில் இல்லை. மாணவர்கள் கடவுச்சொல் அடிக்கும் ஒரு பொதுக் கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் ஓடவிட எனக்கு மனமில்லை.

என்ன வேலைக்கு?

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ரீச்சருடன் இருந்து இதைப் பேசி முடித்தோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களைப் பிடிஎஃப் ஆகத் திறக்க வேண்டும். கடந்தகால வினாத்தாள்களைப் பெரிய திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். 'நூலகம்' என்ற பெயருடைய வலைத்தளத்தில் பழைய ஈழத்து இதழ்களையும் நூல்களையும் வாசிக்க வேண்டும். 2005 முதல் அவர்கள் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வைத்திருப்பது இப்படியான வாசிகசாலைக்கு ஒரு பெரும் சொத்து. தமிழில் தட்டச்சுப் பழக வேண்டும். இடைக்கிடை ஒரு பாட வீடியோ.

ஒன்லைன் நேரலை வகுப்பு நடத்த வேண்டும் என்றும் ஒரு ஆசை இருந்தது. அதை அப்போதே மறுத்தேன். கமராவும் ஒலிவாங்கியும் வீடியோவும் ஒரே நேரத்தில் இந்தச் செயலிக்குப் பாரம். 'முயன்று பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால் முதல் வகுப்பிலேயே ஸ்டிக்கின் பெயர் கெட்டிருக்கும்.

தேர்வு டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம், அப்போது நடப்பிலிருந்த டெபியன் 12, அதன் 64 பிட் பதிப்பு. திரையில் சாளரங்களையும் பட்டியல்களையும் தரும் மேசைச்சூழலுக்கு எக்ஸ்எஃப்சிஇ. 2 கிகாபைட்டுக்கு 32 பிட் தானே நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. நினைவகக் கணக்கில் அது உண்மைதான். ஆனால் 32 பிட் லினக்ஸின் தரை சுருங்கிக்கொண்டே வருகிறது. குரோம் உலாவி 2016-இலேயே அதைக் கைவிட்டது, இன்னொரு விநியோகமான உபுண்டு 2019-இல் நிறுத்தியது, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் நிறுவியே இல்லை. கொஞ்சம் நினைவகத்தை மிச்சம் பிடிக்கப்போய்ச் சில வருடங்களில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில் பயனில்லை.

முதல் கதவு

இந்தத் தலைமுறை ஸ்டிக்குகளில் பலர் தோற்றுத் திரும்புவது இங்கேதான். செயலி 64 பிட். ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் யூஈஎஃப்ஐ நிலைப்பொருள் 32 பிட். விண்டோஸ் 8.1-இன் 32 பிட் பதிப்பு போடுவதற்காகவே செய்யப்பட்டதால் அப்படி. பழைய பயோஸ் முறையில் தொடங்கும் வசதியும் இதில் இல்லை. விளைவு என்னவென்றால், வழக்கமான 64 பிட் லினக்ஸ் பென்ட்ரைவைச் செருகினால் ஸ்டிக் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. பிழைச்செய்தியும் வராது. தொடக்கப் பட்டியலில் பென்ட்ரைவின் பெயரே இருக்காது. பென்ட்ரைவ் பழுது என்று நினைத்து வேறொன்றை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

காரணம் எளிது. யூஈஎஃப்ஐ ஒரு வட்டைத் திறந்ததும் இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் பூட் என்ற உள்கோப்புறையில் தனக்குரிய கோப்பைத் தேடும். 64 பிட் நிலைப்பொருள் தேடுவது பூட்எக்ஸ்64 என்ற கோப்பை. 32 பிட் நிலைப்பொருள் தேடுவது பூட்ஐஏ32. பல லினக்ஸ் விநியோகங்கள் பென்ட்ரைவில் எழுதத் தரும் பிம்பக் கோப்பில் முதலாவது மட்டும்தான் இருக்கும். ஆகவே எந்த லினக்ஸைத் தரவிறக்கினாலும், நிறுவப் போகுமுன் வேறொரு கணினியில் அந்தப் பென்ட்ரைவைத் திறந்து இந்த இரண்டாவது கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டெபியன் 12-இன் பிம்பத்தில் அது இருந்தது. 32 பிட் நிலைப்பொருளின் வழியாக 64 பிட் லினக்ஸ் கருவை (கேர்னலை) தொடக்கும் வசதி 2014-இல் வந்த லினக்ஸ் 3.15 இலேயே சேர்ந்துவிட்டது. டெபியன் நிறுவி 2015-இன் எட்டாம் பதிப்பிலிருந்தே இந்தக் கலப்பு முறையைத் தானாக அறிந்து, அதற்குரிய 32 பிட் தொடக்கியைப் போட்டுவிடும். டெபியனை நான் தேர்ந்தெடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நிறுவும்போது

முதலில் பழையதைக் காப்பாற்றிக்கொண்டோம். நிறுவாமலே பென்ட்ரைவிலிருந்து ஓடும் ஒரு லைவ் லினக்ஸைத் தொடக்கி, ஈஎம்எம்சி முழுவதையும் ஒரே கோப்பாக வெளி வட்டில் நகலெடுத்தேன். பெயரில்லாத ஸ்டிக்குக்கு மீட்பு மென்பொருள் எங்கே கிடைக்கும் என்று பின்னால் தேடுவதைவிட, அரை நாள் காத்திருந்து நகலெடுப்பது மேல்.

யூஎஸ்பி துவாரம் ஒன்றே என்பதால் ஹப் இல்லாமல் நிறுவ முடியாது. பென்ட்ரைவ், விசைப்பலகை, மௌஸ் மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். தனி மின்னிணைப்பு உள்ள ஹப்பைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினோம். மின்னிணைப்பில்லாத ஹப்பில் மூன்றையும் தொங்கவிட்டால் எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கே மின்சாரம் கொடுக்க வேண்டிவரும், நிறுவும் நடுவில் பென்ட்ரைவ் காணாமல் போகும்.

யூஈஎஃப்ஐ அமைப்புக்குள் நுழைய டிலீட் விசையா, எஸ்கேப்பா, எஃப்7-ஆ என்று ஸ்டிக்குக்கு ஸ்டிக் மாறும். டிவி விழித்துப் படம் காட்டுமுன் அந்த நேரம் கடந்தும் போய்விடும். இதற்கு நல்ல வழி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில் யூஈஎஃப்ஐ அமைப்புக்குப் போகும் தெரிவு உண்டு. அங்கே, கையொப்பமில்லாத இயங்குதளம் தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை நிறுத்திவிட்டுப் பென்ட்ரைவை முதலிடத்தில் வைத்தேன்.

அதன் பிறகு நிறுவி சிரமம் தரவில்லை. வரைகலை நிறுவியில் மொழியாகத் தமிழும் இடமாக இலங்கையும் தெரிவு செய்தோம். பெரிய திரையில் தமிழிலேயே கேள்விகள் வர, ரீச்சர் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துப் பதில் சொன்னார். எழுத்து முறை நிறுவியில் தமிழ் வராது என்பதையும் கவனியுங்கள். வட்டுப் பிரிப்பில் யூஈஎஃப்ஐ தொடக்கத்துக்கான சிறு பகுதி போக மீதி ஈஎம்எம்சியை ஒரே பகுதியாக எடுத்து, நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வொப் பகுதி வேண்டாம் என்றேன். நிறுவி எச்சரித்தது, பரவாயில்லை என்று தொடர்ந்தேன். ஈஎம்எம்சியில் ஓயாமல் எழுதி அழிப்பது அதன் ஆயுளைத் தின்னும், வேகமும் வராது. அதற்குப் பதிலாகப் பிறகு சீரேம் போட்டேன். நினைவகத்தின் ஒரு பகுதியையே சுருக்கி வைக்கும் இடமாகப் பயன்படுத்தும் முறை அது. 2 கிகாபைட் கணினியில் உலாவி ஓடுவதற்கும் ஓடாமல் விடுவதற்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு சிறு பொதிதான். அதற்கான செயலி நேரம் கொஞ்சம் போகும். நான்கு கருக்களில் அது தெரியவில்லை.

நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தபோது ஸ்டிக் நேரே யூஈஎஃப்ஐ அமைப்புத் திரைக்கே திரும்பி வந்தது. டெபியன் உள்ளே சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மலிவு நிலைப்பொருள்கள் இயங்குதளம் பதிந்து வைக்கும் தொடக்கப் பெயர்களை மதிப்பதில்லை. மேலே சொன்ன பூட் கோப்புறையை மட்டுமே பார்க்கும். டெபியன் நிறுவியின் மீட்பு முறையில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது, தொடக்கியைக் கழற்றக்கூடிய ஊடகத்துக்குரிய பாதையிலும் போடச் சொல்வது. அதைக் கொடுத்ததும் டெபியன் தொடங்கியது. இதைத் தெரியாமல் இயங்குதளத்தையே திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்தால் பலன் கிடையாது. கோளாறு அங்கே இல்லை.

ஒரு சிறு கேபிள்

வைஃபை பற்றி எனக்குப் பயம் இருந்தது. இந்த 8723பிஎஸ் சிப்புக்கு நீண்ட காலம் லினக்ஸ் கருவுக்குள் இயக்கி இல்லை. வெளியே கிடைத்த மூலநிரலை எடுத்துத் தொகுத்துத்தான் ஓட்டினார்கள். 2017-இல் 4.12 கருவில்தான் உள்ளே வந்தது. எச்டிஎம்ஐ வழியே ஒலி வரும் இயக்கியும் அதே வருடம் 4.11-இல்தான் சேர்ந்தது. டெபியன் 12-இன் கரு 6.1. அதோடு, கட்டற்றதல்லாத, அதாவது மூலநிரல் திறக்கப்படாத, நிலைப்பொருட்களை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கத் தொடங்கிய முதல் பதிப்பு அது. ஆகவே நிறுவும்போதே வைஃபை பிடித்தது. ஒலிக்கு, ஒலியமைப்பில் எச்டிஎம்ஐ வெளியீட்டைத் தெரிவு செய்தால் போதுமாக இருந்தது.

பிடித்ததே தவிர நிற்கவில்லை. பத்து நிமிடம் பக்கம் திறக்கும், பிறகு அறுந்துபோகும். வெள்ளவத்தை ஒழுங்கையில் இருபக்கமும் அடுக்குமாடி. வலையமைப்புகளின் பட்டியலைத் திறந்தால் உருட்டி உருட்டிப் பார்க்கும் அளவுக்கு நீளம், அத்தனையும் 2.4 கிகாஹேர்ட்ஸில். அதற்குள் இந்த ஸ்டிக் டிவியின் உலோக முதுகோடு ஒட்டிக்கொண்டு, சுவருக்கும் டிவிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியில் இருந்தது. அலைவாங்கி முன்னால் பார்ப்பது இரும்புத் தகடு, பின்னால் பார்ப்பது கொங்கிறீட்.

வெப்பமும் அங்கேதான். விசிறி இல்லாத இந்த ஸ்டிக்கின் மேலோடே அதன் வெப்பத்தை வெளிவிடும் பரப்பு. டிவியின் சூடும் கொழும்பின் புழுக்கமும் சேர்ந்தபோது வீடியோ ஓடிச் சிறிது நேரத்தில் செயலியின் வெப்பநிலை 80 பாகை செல்சியஸை நெருங்கியது, வேகம் தானாகக் குறைந்தது. தொட்டுப் பார்த்தால் விரல் வைக்க முடியாத சூடு.

இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரு சாண் நீள எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள். பெரும்பாலான ஸ்டிக்குகளோடு பெட்டியிலேயே வரும், யாரும் எடுப்பதில்லை. அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் கீழ் விளிம்புக்கு வெளியே, காற்றுப்படும்படி தொங்கவிட்டோம். வைஃபை அடையாளம் இரண்டு கோட்டிலிருந்து நான்காக ஏறியது. வெப்பநிலை இறங்கி ஓரிடத்தில் நின்றது. மென்பொருளில் எத்தனை அமைப்பை மாற்றினாலும் இந்த அளவு பலன் கிடைத்திருக்காது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

பாக்கியிருந்த அறுபடலுக்கு இரண்டு மாற்றம். இந்தச் சிப்பில் புளூடூத்தும் வைஃபையும் ஒரே அலைவாங்கியைப் பகிர்கின்றன, ஆகவே புளூடூத்தை அடியோடு நிறுத்திக் கம்பியுள்ள விசைப்பலகையையே வைத்தோம். அடுத்து, வலையமைப்பு மேலாளரில் வைஃபையின் மின்சேமிப்பை நிறுத்தினேன். ரவுட்டரின் சனலையும் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றினோம். அப்புறம் அறுபடல் பற்றிய முறைப்பாடு வரவில்லை.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் இடங்களில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று. டிவியின் எச்டிஎம்ஐ துவாரத்தின் உலோக விளிம்பில் பச்சைப் பூச்சு ஏறியிருந்தது, படம் இடைக்கிடை மின்னி மறைந்ததற்கு அதுதான் காரணம். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த தூரிகையால் துடைத்ததும் சரியானது. மெரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் படம் மின்னினால் முதலில் இதைப் பாருங்கள்.

மின்சாரம்

வாசிகசாலையில் சுவர்ச் செருகிகள் குறைவு. அதனால் யாரோ ஸ்டிக்கின் மின்கம்பியை டிவியின் யூஎஸ்பி துவாரத்திலேயே செருகியிருந்தார்கள். பார்க்க நேர்த்திதான். டிவியைப் போட்டால் கணினியும் எழும். ஆனால் யூஎஸ்பி 2.0 துவாரம் ஒன்று தர வேண்டியது 0.5 அம்பியர் மட்டும். ஸ்டிக்குக்கு வேண்டியது 5 வோல்ட்டில் 2 அம்பியர். வெறும் மேசைத்திரையில் சும்மா நிற்கும்போது சமாளிக்கும். உலாவியைத் திறந்து நான்கு கருவும் ஒன்றாக எழும்பும் கணத்தில் மின்னழுத்தம் விழுந்து ஸ்டிக் மறுதொடக்கமாகும். விண்டோஸ் இருந்த காலத்தில் 'இது சும்மா சும்மா நிண்டு போகும்' என்று ரீச்சர் சொன்னதும் இதைத்தான். 2 அம்பியர் மின்மாற்றியும், மெல்லிய நீள வயருக்குப் பதில் தடித்த குட்டை வயரும் போட்டோம். ஒரு சாதனம் காரணமில்லாமல் மறுதொடக்கமானால் இயங்குதளத்தைக் குற்றம் சொல்லுமுன் அது எதிலிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று பாருங்கள்.

2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் ரவுட்டருக்கு வாங்கிய சின்ன மின்சேமிப்புப் பெட்டி ஒன்று வாசிகசாலையிலும் இருந்தது. அதன் 5 வோல்ட் வெளியீட்டில் ஸ்டிக்கை மாட்டினோம். மின்சாரம் போனால் டிவி அணைந்துவிடும், ஸ்டிக் உயிரோடு இருக்கும். திரையில்லாமல் என்ன செய்வது? ஸ்டிக்கின் பக்கவாட்டிலுள்ள மின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கேள்வி கேட்காமல் ஒழுங்காக நிறுத்தும்படி அமைத்தேன். ஈஎம்எம்சியில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுவதைத் தவிர்க்க இது போதும்.

இந்த ஸ்டிக்கில் கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் இல்லை. முழுவதும் கழற்றி மாட்டினால் பழைய திகதியோடு எழும். அந்த நேரத்தில் உலாவி எல்லாப் பாதுகாப்பான தளங்களையும் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும். பிள்ளைகள் இணையமே போச்சு என்பார்கள். வலையமைப்பு வழியே நேரத்தைச் சரிசெய்யும் சேவை டெபியனில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்தி, 'நேரம் சரியாகும்வரை ஒரு நிமிடம் பொறுக்கவும்' என்று டிவிக்குக் கீழே எழுதி ஒட்டினோம்.

தமிழ்

நான் அதிக நேரம் செலவழித்த பகுதியும், மனம் நிறைந்த பகுதியும் இதுதான். தமிழ் எழுத்துரு, தமிழ் இடைமுகம் எல்லாம் நிறுவும்போதே வந்துவிட்டன. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதன் கீழ் விசைப்பலகை அமைப்புகளைத் தரும் எம்17என் பொதி. அதில் தமிழ் 99, ஒலியியல், இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் என்று எல்லா அமைப்பும் கிடைக்கும். ரீச்சர் ரெங்கநாதன் என்றார், சின்னவர்கள் ஒலியியல் என்றார்கள். இரண்டையும் வைத்து, மாற்றும் விசையைக் காட்டிக்கொடுத்தேன்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. ஆசிரியர்கள் பென்ட்ரைவில் கொண்டுவரும் வினாத்தாள்களிலும் குறிப்புகளிலும் கணிசமானவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. லிப்ரே ஆபிஸில் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் பக்கம் நிறையும். கோப்பு பழுதில்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்திய இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை, எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் அப்படியே வெளித்தெரியும். பாமினியை நிறுவியதும் வாசிக்க முடிந்தது. ஆனால் அதோடு விடவில்லை. திருத்த வேண்டிய ஒவ்வொரு கோப்பையும் ஒருங்குறிக்கு மாற்றிச் சேமிக்கும் வழியை மூத்த மாணவர் இருவருக்குப் பழக்கினேன். அவர்கள் இப்போது பழைய வினாத்தாள்களைத் தாங்களே மாற்றி, பாடவாரியாகக் கோப்புறை போட்டு அடுக்கிவருகிறார்கள். தேடினால் கிடைக்கும் தமிழாக அவை மாறுவது ஒரு ஸ்டிக் எழுந்ததைவிடப் பெரிய காரியம்.

திரையும் வீடியோவும்

பழைய டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிக் காட்டும். மேசைத்திரையின் கீழ்ப்பட்டையில் பாதி விளிம்புக்கு வெளியே போனது இதனால்தான். டிவியின் பட அமைப்பில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கான் என்ற மாதிரி ஒரு பெயரில் இருக்கும் தெரிவைக் கொடுத்தால் முழுத்திரையும் வரும். அறையின் கடைசி வாங்கிலிருந்து வாசிக்க எழுத்தளவைக் கூட்டினோம்.

வீடியோவில் ஒரு நுணுக்கம். இந்தச் செயலியின் வரைகலைப் பகுதி எச்264 வகை வீடியோவை வன்பொருளிலேயே பிரிக்கும். யூடியூப் வழக்கமாக அனுப்பும் விபி9 வகையைப் பிரிக்கத் தெரியாது, முழுப் பாரமும் செயலியில் விழும், படம் துள்ளும். எச்264 மட்டும் கேட்கும்படி உலாவியில் ஒரு நீட்சி போட்டு, தரத்தை 720-இல் நிறுத்தியதும் சீராக ஓடியது.

சோதனையும் ஒப்படைப்பும்

இந்தத் தலைமுறைச் செயலிகளுக்கு லினக்ஸில் ஒரு கெட்ட பெயர் உண்டு. ஆழ்ந்த ஓய்வு நிலைக்குப் போகும்போது கணினி அப்படியே உறைந்துவிடும். கருவுக்கு ஒரு அளவுருவைக் கொடுத்து அந்த ஓய்வு நிலையை முதல் படியோடு நிறுத்துவதுதான் அப்போது எல்லோரும் செய்த மாற்றுவழி. இப்போதும் வழிகாட்டிகளில் அதை அப்படியே எடுத்தெழுதுகிறார்கள். நான் போடவில்லை. புதிய கருக்களில் நிலைமை நன்றாகத் தேறிவிட்டது. அந்த அளவுருவோ செயலியைச் சரியாக ஓய்வெடுக்க விடாது, விசிறியில்லாத ஸ்டிக்கில் அது நேரே சூடாக மாறும். முதலில் இரவு முழுக்க வீடியோ ஓடவிட்டு, அடுத்த இரவு சும்மா நிற்கவிட்டுப் பார்த்தோம். உறையவில்லை. உங்கள் ஸ்டிக் உறைந்தால் போடுங்கள், உறையாமலே போடாதீர்கள்.

மாணவர்களுக்கு நிர்வாக உரிமையில்லாத ஒரு பொதுக் கணக்கு. ரீச்சருக்குத் தனிக் கணக்கு. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே இரவில் இறங்கும். உலாவியில் மூன்று நான்கு தாவல்களுக்கு மேல் திறந்தால் மெதுவாகும் என்பதைப் பிள்ளைகளிடம் நேராகவே சொன்னோம். அவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். பெரிய பிடிஎஃப்களை உலாவியில் திறக்காமல் தரவிறக்கித் தனிச் செயலியில் திறப்பது இந்த நினைவக அளவுக்கு நல்ல பழக்கம். அவற்றுக்கென்று ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையை நிரந்தரமாகச் செருகிவைத்தோம், உள்ளே இருக்கும் 32 கிகாபைட் இயங்குதளத்துக்கு மட்டும் தாராளமாக இருக்கிறது.

டெபியன் 13 வந்த பிறகும் இதை நான் மாற்றவில்லை. 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. ஓடுவதை ஓடவிடலாம்.

இதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் சிலர் தங்கள் ஸ்டிக்குகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு ஸ்டிக்குகள். உருவம் ஒன்றுதான், உள்ளே வேறு உலகம். கைபேசிகளில் வரும் வகையான ஏஆர்எம் செயலி, பூட்டிய தொடக்கி, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியான வன்பொருள் விவரக் கோப்பு. மேலே சொன்ன பென்ட்ரைவை அவற்றில் செருகிப் பயனில்லை. அம்லாஜிக், ரொக்சிப் போன்ற சில செயலிகளுக்கு ஆர்ம்பியன் என்ற விநியோகம் பொருந்தலாம், அதுவும் சரியாக அதே பலகைக்கு யாராவது ஏற்கனவே ஓட்டியிருந்தால் மட்டும். படம் பார்க்க மட்டும் விற்கப்படும் பெரிய நிறுவன ஸ்டிக்குகளை நான் தொடுவதேயில்லை. ஆகவே யாராவது ஸ்டிக்கோடு வந்தால் திறக்குமுன் செயலியின் பெயரைப் பார்க்கச் சொல்கிறேன். இன்டெல் ஆட்டம் என்றால் வேலையைத் தொடங்கலாம், நீட்டிப்புக் கேபிளையும் 2 அம்பியர் மின்மாற்றியையும் கூடவே கொண்டுவரச் சொல்லி.